பேட்டையும் ஊரும்

நகர வரலாறு என்றதும் மதுரையும் பாக்தாதும் நம் நினைவுக்கு வருகின்றன, அருப்புக்கோட்டை வருவதில்லை. அருகிலுள்ள திருச்சுழிக்காவது குண்டாற்றங்கரைக் கோயிலால் பெயருண்டு. ராபர்ட் ஹார்ட்கிரேவ் என்னும் அமெரிக்கர் 1969இல் வெளியிட்ட நாடார் வரலாற்றைப் படித்தபோதுதான் இக்கரிசல் ஊர்களின் கதை நமக்கு விளங்கிற்று. 19ஆம் நூற்றாண்டில் தெற்கேயிருந்து வந்த வணிகர், வண்டிக்கும் சரக்கிற்கும் காவலாகப் பேட்டைகள் அமைத்தனர். அத்தகைய ஆறு ஊர்களுள் அருப்புக்கோட்டையும் பாளையம்பட்டியும் அடங்கும். வணிகத்தில் சிறு பங்கை மகமையாக ஒதுக்கினர். அப்பணமே கிணறாயிற்று, பள்ளிக்கூடமாயிற்று. நம் வக்பு ஒருவரது அறக்கொடை. மகமையோ ஊர் வணிகர் அனைவரின் பங்கு.

அவ்வூர்களில் வாழ்ந்த நம்மவரின் ஜமாஅத் கணக்கேடுகளும் பழம்பத்திரங்களும் எந்தப் பரணில் கிடக்கின்றனவோ! கறையான் முந்துமுன் ஏறிப் பார்த்து எழுதுங்கள், இப்பக்கங்களில் இடமுண்டு.