பள்ளிக்கூடத்துச் சோறும் பிள்ளைகளின் எடையும்

சென்னை ஆயிரம்விளக்கில் இருந்த மாநகராட்சிப் பள்ளியில் படித்த பிள்ளைகளில் பெரும்பாலோர் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகள். மதியத்தில் பசியோடு வீட்டுக்குப் போனவர்கள் பல நாள் திரும்பி வருவதில்லை. இதைக் கண்ட மாநகராட்சி, தலைவர் பிட்டி தியாகராயரின் முயற்சியில், 1920 செப்டம்பர் 16 அன்று ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. அந்தப் பள்ளி மாணவர்களுக்குத் தினமும் சிற்றுண்டி கொடுப்பது, தலைக்கு ஓரணாவுக்கு மேல் செலவாகக் கூடாது என்பதே தீர்மானம். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் அரசுப் பணத்தில் உணவு வழங்கிய வரலாறு இங்கிருந்துதான் எழுதப்படுகிறது.

திட்டம் விரைவில் மேலும் நான்கு பள்ளிகளுக்குப் பரவியது. 1922-23இல் இந்தப் பள்ளிகளில் 811 ஆக இருந்த மாணவர் எண்ணிக்கை, 1924-25இல் 1,671 ஆக உயர்ந்தது. இரண்டே ஆண்டில் இரு மடங்கு. ஆனாலும் தொடக்கக் கல்வி நிதியைச் சாப்பாட்டுக்குச் செலவிடச் சட்டத்தில் இடமில்லை என்று ஆங்கில அரசு மறுத்துவிட, 1925 ஏப்ரல் 1 முதல் சிற்றுண்டி நின்றது. வருகைப் பதிவேடு கண்முன்னே சொன்ன உண்மையைவிடக் கணக்குத் தலைப்பு அரசுக்குப் பெரிதாகப் பட்டது. 1927இல் திட்டம் மீண்டும் உயிர்பெற்று, 25 பள்ளிகளில் ஆயிரம் ஏழைப் பிள்ளைகளைச் சென்றடைந்தது.

அந்தக் காலத்தில் பிள்ளை பள்ளிக்கு வருகிறதா என்று மட்டுமே பார்த்தார்கள்; உண்ட உணவு உடலில் என்ன செய்கிறது என்று பார்க்கும் வேலை நீலகிரி மலையில் நடந்தது. குன்னூரில் ராபர்ட் மெக்கரிசன் நிறுவிய ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தில், இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை எலிக் கூட்டங்களுக்குத் தனித்தனியே கொடுத்து வளர்த்தனர். முழுக் கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி என்று சீக்கியர் உணவை உண்ட எலிகள் கொழுகொழுவென வளர்ந்தன. தீட்டிய அரிசியை நம்பிய சென்னை மாகாண உணவை உண்டவையோ எடையில் கடைசி வரிசையில் நின்றன. அவருக்குப் பின் 1935 முதல் அங்கே இயக்குநராக இருந்த டபிள்யூ. ஆர். எய்க்ராய்ட் ஒருபடி மேலே போனார். விடுதிப் பிள்ளைகளின் அன்றாட அரிசிச் சாப்பாட்டோடு கொழுப்பு நீக்கிய பால்பொடியைக் கரைத்துக் கொடுத்து, அவர்களது உயரத்தையும் எடையையும் குறித்துவந்தார். பால் குடித்த பிள்ளைகள் மற்றவர்களைவிட வளர்ந்திருந்தனர். வயிறு நிறைவது வேறு, உடல் வளர்வது வேறு என்பதைத் தென்னாட்டுப் பிள்ளைகளின் உடம்பிலேயே காட்டிய ஆய்வு இது. அதன் முடிவு சமையற்கூடங்களை எட்டப் பல ஆண்டுகள் ஆயின.

1954இல் காமராசர் முதலமைச்சரானார். அந்த ஆண்டே பொதுக்கல்வி இயக்குநர் பொறுப்புக்கு வந்தவர் நெ. து. சுந்தரவடிவேலு. மூடிய பள்ளிகளைத் திறப்பதும் புதுப் பள்ளிகள் கட்டுவதும் மட்டும் போதாது, வருகிற பிள்ளைக்கு ஒருவேளை சோறும் வேண்டும் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அரசிடம் பணம் குறைவு. ஆகவே முதலில் ஊராரிடம் கேட்டார்கள். மிராசுதார் நெல் அளந்தார். கடைக்காரர் புளியும் மிளகாயும் கொடுத்தார். எதுவும் இல்லாத வீட்டிலிருந்து ஒரு கட்டு விறகு வந்தது. ஊர்ச் செல்வர்களிடம் பள்ளிக்காகக் கையேந்துவதில் காமராசர் கூச்சம் பார்க்கவில்லை. 1956இல் எட்டயபுரத்தில் அவர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். பின்னர் அரசு பொறுப்பேற்றபோது ஒரு சாப்பாட்டுக்கு 10 பைசா என்று கணக்கிட்டு, 6 பைசாவை அரசும் மீதி 4 பைசாவை உள்ளூராரும் ஏற்றனர். ஆண்டுக்கு 200 நாள் சாப்பாடு.

1961 முதல் அமெரிக்கத் தொண்டு நிறுவனமான கேர் பால்பொடியும் சமையல் எண்ணெயும் சோள மாவும் கோதுமை ரவையும் அனுப்பத் தொடங்கியது. இன்று அறுபதைத் தாண்டிய பலருக்குப் பள்ளிச் சாப்பாடு என்றதும் நினைவுக்கு வருவது அந்த மஞ்சள் நிற உப்புமாவின் வாசனைதான். அரிசிக்குப் பழகிய நாக்குக்கு அது எளிதில் ஒட்டவில்லை. என்றாலும் எய்க்ராய்ட் சொன்ன பால் இப்படித்தான், கப்பலேறி வந்து, கிராமத்துப் பிள்ளையின் குவளைக்குள் விழுந்தது.

எல்லோருக்கும் சோறு என்ற நிலை 1982இல் வந்தது. அவ்வாண்டு ஜூலை 1 அன்று, திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். முதலில் கிராமங்களில் 2 முதல் 9 வயது வரையுள்ள குழந்தைகள், செப்டம்பரில் நகரங்கள், 1984இல் 15 வயது வரை என்று வட்டம் விரிந்தது. ஓட்டுக்காகக் கஜானாவைக் காலி செய்கிறார் என்ற எதிர்ப்பு பலமாக இருந்தது. ஏறத்தாழ 60 லட்சம் குழந்தைகளுக்கு நாள்தோறும் சுடுசோறு போடுவது சிறிய செலவல்லதான். ஆனால் அந்தச் செலவின் ஒரு பகுதி இன்னொரு பசியையும் ஆற்றியது. ஒவ்வொரு மையத்துக்கும் அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று வேலை கிடைத்தது பெரும்பாலும் பெண்களுக்கு. அவர்களிலும் கணவனை இழந்தவர்களுக்கும் ஆதரவற்றோருக்கும் முன்னுரிமை இருந்தது. பட்டியல் சாதிப் பெண்கள் கரண்டி பிடித்த சில ஊர்களில் பெற்றோர் பிள்ளைகளைச் சாப்பிட விடாத கொடுமையும் நடந்தது. அண்மைக் காலம் வரை நடந்திருக்கிறது. அதையும் மீறி எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் உட்கார்ந்து ஒரே பானைச் சோற்றை உண்ட இடம் இது என்பதை எடையால் அளக்க முடியாது.

சத்துணவுக் கூடத்தின் காலை இப்படித்தான் நகரும்: முதல் பாடவேளையில் வகுப்புவாரியாக வருகை எண்ணிக்கை வந்துசேரும். அமைப்பாளர் அதைக் கூட்டி, பூட்டிய அறையிலிருந்து அரிசியையும் பருப்பையும் அளந்து போடுவார். உலை கொதிக்கும்போதே ஆயா காய் நறுக்கி முடித்திருப்பார். மணி அடித்ததும் தட்டுகள் மோதும் சத்தம். கை கழுவும் குழாயடியில் தள்ளுமுள்ளு. வரிசையில் முன்னால் நிற்பவனுக்கு, குழம்பில் காய் எங்கே தங்கியிருக்கிறது என்பது தெரிந்திருக்கும்.

சத்துணவு தொடங்கிய அதே காலத்தில் உலக வங்கி உதவியோடு இன்னொரு முயற்சியும் நடந்தது. 1980இல் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், 6 மாதம் முதல் 36 மாதம் வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் தராசில் தொங்கவிட்டு நிறுத்தது. எடை அட்டையில் புள்ளி வைத்து, போன மாதப் புள்ளியோடு கோடு சேர்ப்பார்கள். கோடு மேலே ஏறாத குழந்தைக்கு மட்டும் 90 நாள் சத்துருண்டை; எடை ஏறியதும் அது நிறுத்தப்படும். எல்லோருக்கும் சோறு, எடை குறைந்தவருக்கு மட்டும் உருண்டை என்ற இரண்டு வழிகளும் ஒரே மாநிலத்தில் ஒரே நேரத்தில் நடந்தன. பள்ளிப் பிள்ளைகளைப் பொறுத்தவரை முதல் வழியே நியாயமானது. பந்தியில் ஒருவனை மட்டும் எழுப்பி உனக்கு எடை குறைவு என்று சொல்வது அவன் மனத்தைப் புண்படுத்தும்.

சோறும் சாம்பாருமாக இருந்த தட்டில் புரதம் ஏறியது முட்டையால்தான். 1989இல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை, 1998இல் வாரம் ஒன்று, 2006இல் இரண்டு, 2007இல் மூன்று, 2010இல் பள்ளி நாள் ஐந்திலும் முட்டை. உண்ணாதவர்களுக்கு வாழைப்பழம். நாமக்கல் கோழிப்பண்ணைகள் வளர்ந்த காலமும் இதுவே என்பதால் முட்டைக்கு வெளிமாநிலத்தை எதிர்பார்க்க வேண்டியிருக்கவில்லை. 2013இல் மாவட்டத்துக்கு ஓர் ஒன்றியத்தில் சோதித்துப் பின் எங்கும் பரவிய கலவை சாதத் திட்டம் ருசியைக் கவனித்தது: தக்காளி சாதம், கறிவேப்பிலை சாதம், கொண்டைக்கடலை புலாவ், மிளகு முட்டை. தட்டில் மிச்சம் வைக்கும் பழக்கம் குறைய இதுவே சரியான வழி. குழந்தை உண்ணாமல் கொட்டுகிற சத்து எந்த அட்டவணையில் இருந்தும் பயனில்லை.

இந்த வரலாற்றில் ஆறாத புண் ஒன்று உண்டு. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையற்கூடத்தில் பற்றிய தீ கூரைக்குத் தாவி 94 குழந்தைகளின் உயிரைக் குடித்தது. பள்ளிகளில் கீற்றுக் கூரைகள் அகன்றதும், சமையலறை பாதுகாப்பான கட்டடமாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் வலுத்ததும் அதன் பிறகுதான்.

2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். மறு ஆண்டு அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் அது விரிந்தது. தலைக்கு 50 கிராம் ரவையோ அரிசியோ சேமியாவோ, 15 கிராம் பருப்பு, காய் போட்ட சாம்பார். ஊர்களில் மகளிர் சுய உதவிக் குழுவினர் சமைக்கிறார்கள். சமைப்பவரின் பிள்ளையும் அதே பள்ளியில் படிக்க வேண்டும் என்பது விதி. தரத்தைக் காக்க இதைவிட நல்ல மேற்பார்வையாளர் கிடைப்பது அரிது.

இப்போது தராசு இரண்டு பக்கமும் சாய்கிறது. 2016-18இல் நடந்த தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில், இந்தியாவில் 5 முதல் 9 வயதுப் பிள்ளைகளில் 23 சதவீதம் பேர் வயதுக்கு மெலிந்திருந்தனர். 4 சதவீதம் பேர் அதிக எடையோடு இருந்தனர். இந்த இரண்டாவது எண் நகரங்களில் கூடுதல். பள்ளி வாசல் பெட்டிக்கடையில் ஐந்து ரூபாய்க்குத் தொங்கும் சிப்ஸ் பாக்கெட்டும், வண்ணச் சர்க்கரைத் தண்ணீரும், விளையாட்டு மைதானத்தை விழுங்கிய வகுப்பறைக் கட்டடங்களும் அதற்குக் காரணம். கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த தின்பண்டங்களைப் பள்ளியிலும் வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்று 2020இல் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி வகுத்தது. விதி காகிதத்தில் இருக்கிறது. கடை வாசலில் இருக்கிறது.

காலை உணவு 5ஆம் வகுப்போடும் சத்துணவு 10ஆம் வகுப்போடும் நின்றுபோகின்றன. உயரமும் எடையும் வேகமாக ஏறுவதும், பெண்பிள்ளைகளுக்கு இரத்தச்சோகை பிடிப்பதும் இந்த வகுப்புகளைத் தாண்டிய வயதுகளிலும் நடக்கின்றன. காலைப் பசியோடு 6ஆம் வகுப்பில் உட்கார்ந்திருப்பவனுக்கும், மதியம் கடை பாக்கெட்டை நம்பியிருக்கும் 11ஆம் வகுப்பு மாணவிக்கும் அதே அடுப்பில் இன்னும் ஒரு படி அரிசி சேர்த்துப் போட அரசு முன்வர வேண்டும்.