காட்டுயிரைப் படமெடுக்கக் கற்றுக்கொண்ட கதை

தீர்த்தமலை ஏறுகிறவர்கள் கையில் முன்பெல்லாம் தேங்காய் பழமும், தீர்த்தம் பிடிக்க ஒரு பாத்திரமும் இருக்கும். இப்போது கூடவே செல்போனும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் நீள லென்ஸ் மாட்டிய கேமராவோடு நாலைந்து இளைஞர்களையும் பார்க்கலாம். படிக்கட்டில் குரங்கைப் படம் எடுக்கிறார்கள். அடிவாரத்து வயல்களில் கரிச்சானையும் பனங்காடையையும் தேடுகிறார்கள். நல்ல பழக்கம்தான். எங்கள் தெருப் பையன்களும் இதில் சேர்ந்துவிட்டார்கள். "தாத்தா, எந்தக் கேமரா வாங்கினா படம் நல்லா வரும்?" என்று என்னிடம் கேட்கிறார்கள்.

கேமரா விலையெல்லாம் எனக்குத் தெரியாது. அரசு அலுவலகத்தில் கோப்பு எழுதியே காலம் கழித்தவன் நான். ஆனால் பழைய கதைகளைப் படித்துத் தேடிப் பார்க்கும் பழக்கம் உண்டு. படம் எடுக்கும் திறமையை வளர்த்துக்கொள்ள நினைக்கிறவர்களுக்கு, அந்தத் திறமை எப்படி வளர்ந்தது என்ற வரலாறே பாதி பாடம் என்று எனக்குத் தோன்றுகிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அப்பாவுக்குப் புதுச்சேரியில் வேலை என்பதால் பள்ளிப் படிப்பு எனக்குப் பிரெஞ்சு வழியில் அமைந்தது. பிரெஞ்சுக்காரர்கள் காட்டுயிர்ப் படக்கலையை 'ஷாஸ் ஃபோட்டோகிராஃபிக்' என்பார்கள். 'ஷாஸ்' என்றால் வேட்டை. படம் எடுப்பதற்காக மறைந்து காத்திருப்பதை 'அஃபூ' என்பார்கள். அதுவும் வேட்டைக்காரன் பதுங்கி இருப்பதைக் குறிக்கும் சொல்தான். ஆங்கிலத்திலும் படம் எடுப்பதை 'ஷூட்' என்றுதானே சொல்கிறோம்? இந்தக் கலை வேட்டைக்காரன் வீட்டில் பிறந்தது என்பதைச் சொற்களே காட்டிக்கொடுக்கின்றன.

1839-இல் பாரிஸில் டாகேர் என்பவரின் படமெடுக்கும் முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. ஆனால் அந்த நாளில் ஒரு படம் பதிய நல்ல வெயிலிலேயே சில நிமிடங்கள் ஆகும். கட்டடம் நிற்கும், மலை நிற்கும். குருவி நிற்குமா? அதனால் விலங்கைப் படம் எடுக்க விரும்பியவர்கள் செத்ததையோ, பஞ்சடைத்துப் பாடம் செய்ததையோதான் வைத்து எடுத்தார்கள்.

இந்தச் சிக்கலை அவிழ்த்தவர்களில் ஒருவர் எத்தியென் ழூல் மரே என்ற பிரெஞ்சு உடலியல் அறிஞர். பறவை எப்படிச் சிறகடிக்கிறது என்பதை அறிய அவருக்குத் தீராத ஆசை. 1882-இல் அவர் ஒரு கருவி செய்தார். பார்ப்பதற்குத் துப்பாக்கியேதான். குழல், கட்டை, விசை எல்லாம் உண்டு. தோளில் வைத்துக் குறிபார்த்து விசையை அழுத்தினால், உள்ளே சுழலும் தட்டில் வினாடிக்குப் 12 படங்கள் விழும். ஒவ்வொரு படமும் ஒரு வினாடியில் 720-இல் ஒரு பங்கு நேரத்தில் பதிந்தது. பறக்கும் பறவையைக் குறிவைத்தார், விசையை இழுத்தார், பறவை பறந்துகொண்டே போயிற்று. துப்பாக்கியின் வடிவத்தில் இருந்தும் உயிரை எடுக்காத கருவி அது.

வேகத்தை மரே பார்த்துக்கொண்டார். அடுத்த இரண்டு சிக்கல்கள் தூரமும் இருட்டும். இங்கிலாந்தில் ரிச்சர்டு, செர்ரி என்ற கியர்ட்டன் சகோதரர்கள் 1892-இல் ஒரு பறவைக் கூட்டை முட்டைகளோடு படம் எடுத்தார்கள். 1895-இல் பறவைக் கூடுகளைப் பற்றி, முழுக்கப் புகைப்படங்களோடு ஒரு புத்தகம் போட்டார்கள். பறவை பயப்படாமல் இருக்க அவர்கள் செய்த வேலை சிரிப்பு வரவழைக்கும். மாட்டுத் தோலைச் சட்டத்தின்மேல் போர்த்தி, ஒரு பொய் மாடு செய்து, அதன் வயிற்றுக்குள் கேமராவோடு உட்கார்ந்திருந்தார்கள்! மாடு மேய்கிற இடத்தில் இன்னொரு மாட்டைப் பார்த்துப் பறவை ஏன் பயப்படப் போகிறது? பறவையின் கண்ணுக்கு எது வழக்கமான காட்சி என்று யோசித்ததுதான் அவர்களுடைய கெட்டிக்காரத்தனம்.

அமெரிக்காவில் ஜார்ஜ் ஷைராஸ் என்பவர் வேட்டைக்காரராக இருந்து கேமராவுக்கு மாறியவர். இரவில் விலங்கு வரும் வழியில் கம்பி கட்டி, அது கால் பட்டு இழுக்கும்போது வெளிச்சம் மின்னிப் படம் பதியும்படி செய்தார். அப்படி எடுத்த படங்களை 1906 ஜூலையில் 'நேஷனல் ஜியாகிராபிக்' இதழ் வெளியிட்டது.

இதே வித்தையை இந்தியாவில் புலியிடம் காட்டியவர் எஃப்.டபிள்யூ. சாம்பியன். ஐக்கிய மாகாணத்தில், அதாவது இன்றைய உத்தரப் பிரதேசம், உத்தராகண்டம் பக்கத்தில், வன அதிகாரி. அந்தக் காலத்து அதிகாரிகள் புலியின்மேல் கால் வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, இவர் புலி நடக்கும் தடத்தில் கம்பியும் கேமராவும் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். புலி தன்னைத் தானே படம் எடுத்துக்கொள்ளும். 1927-இல் 'வித் எ கேமரா இன் டைகர்லேண்ட்' என்ற அவருடைய புத்தகம் வந்தது. படங்களை அடுக்கி வைத்துப் பார்த்தவருக்கு ஒரு விஷயம் தெரிந்தது. ஒரு புலியின் வரிகள் இன்னொரு புலிக்கு இல்லை. நம் கைரேகை மாதிரி. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

இந்த நேரத்தில் இன்னொரு படத்தையும் சொல்லியாக வேண்டும். 1947-இல் இன்றைய சத்தீஸ்கரில் உள்ள கொரியா சமஸ்தானத்து ராஜா ஒரே இரவில் மூன்று சிறுத்தைகளைச் சுட்டார். சிறுத்தை என்று நாம் பொதுவாகச் சொல்லும் புள்ளிச் சிறுத்தை வேறு. இவை வேகத்துக்குப் பெயர்போன சீட்டா, பழைய தமிழில் சிவிங்கி. மூன்று உடல்களையும் கிடத்தி, பின்னால் ராஜா துப்பாக்கியோடு நிற்கும் படம் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போயிற்று. இந்தியாவில் சிவிங்கி இருந்ததற்கான கடைசி உறுதியான பதிவுகளில் ஒன்றாக இன்றும் எல்லோரும் காட்டுவது அந்தப் படத்தைத்தான். 1952-இல் அந்த இனம் நாட்டில் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. இத்தனை ஆயிரம் ஆண்டு நம் மண்ணில் ஓடிய விலங்குக்கு நாம் வைத்திருக்கும் பிரபலமான நினைவுப் படத்தில் அது செத்துக் கிடக்கிறது. என்னைக் கேட்டால், காட்டுயிர்ப் படக்கலை ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

இனி நம் ஊர்க்காரர் ஒருவரிடம் வருவோம். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவை நாவல் படித்தவர்கள் அறிவார்கள். அவருடைய கடைசிப் பிள்ளை மா. கிருஷ்ணன். 1912-இல் திருநெல்வேலியில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தார். 1942-இல் இன்றைய கர்நாடகத்தில் உள்ள சந்தூர் சமஸ்தானத்தில் வேலைக்குச் சேர்ந்து பள்ளி ஆசிரியர், நீதிபதி, விளம்பர அதிகாரி என்று பல வேலைகள் பார்த்தார். சமஸ்தானங்கள் போனபின் சென்னை திரும்பியவர், எழுத்தையும் கேமராவையும் நம்பியே வாழ்வது என்று முடிவு செய்தார். மாதச் சம்பளத்தை நம்பி வாழ்ந்த என் போன்றவர்களுக்கு அதை நினைத்தாலே வயிற்றைக் கலக்கும்.

1950-இல் கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் இயற்கை பற்றி ஒரு பத்தி எழுதத் தொடங்கினார். 1996 பிப்ரவரி 18-ஆம் தேதி இறக்கும்வரை, 46 ஆண்டுகள், அது நின்றதில்லை. தமிழிலும் எழுதினார். 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற தொகுப்பு கிடைத்தால் வாங்கிப் படியுங்கள்.

பையன்களின் கேள்விக்கு வருகிறேன். கிருஷ்ணன் என்ன கேமரா வைத்திருந்தார்? கடையில் வாங்கிய ஒன்றல்ல. ஒரு கம்பெனியின் உடல், இன்னொன்றின் லென்ஸ், வேறு எங்கிருந்தோ சில பாகங்கள் என்று தாமே ஒட்டுப்போட்டுச் செய்த பெரிய கருவி. அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று வேடிக்கையாகப் பெயரும் வைத்திருந்தார். வண்ணப் படச்சுருள் வந்தபிறகும் கருப்பு வெள்ளையை விடவில்லை. அந்தக் காலத்துப் பெரிய படச்சுருள் ஒன்றில் 8 அல்லது 12 படம்தான் வரும். பிறகு சுருளை மாற்ற வேண்டும். அதற்குள் யானை போய்விடும். அதனால் விசையை அழுத்துமுன் பார்த்துத் தீரவேண்டும். நடந்தும், முதுமலை போன்ற இடங்களில் வளர்ப்பு யானைமேல் ஏறியும் காட்டு யானைகளின் அருகே போனார். யானை காதை எப்போது விரிக்கும், எப்போது திரும்பிப் போகும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. படம் அதற்குப் பின்னால் வந்தது.

ஒவ்வொரு படத்தோடும் அவரிடம் குறிப்பு இருந்தது. ஜவஹர்லால் நேரு ஆய்வுநிதி பெற்று, தென்னிந்தியத் தீபகற்பத்தின் பெரிய பாலூட்டிகளைப் பற்றி ஆராய்ந்தார். எந்தக் காட்டில், எந்தப் பருவத்தில், என்ன விலங்கு, எத்தனை, என்ன தின்றது என்ற விவரம் அதில் உண்டு. 1959 முதல் 1970 வரை தாம் கண்டதை 1975-இல் புத்தகமாகவும் வெளியிட்டார். 1970-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 1973-இல் புலிகள் காப்புத் திட்டமும் வந்தபோது, காடுகளைப் பற்றிப் பேச நாட்டில் சிலரிடமாவது இப்படிப்பட்ட பதிவுகள் இருந்தன.

சாம்பியனின் புலி வரிகளுக்கு வருகிறேன் என்றேனே! 1990-களில் உல்லாஸ் காரந்த், கர்நாடகத்து நாகரஹொளேயில் தானியங்கிக் கேமராக்களை வைத்து, வரிகளைக் கொண்டு புலிகளை அடையாளம் கண்டு எண்ணிக்கையைக் கணக்கிடும் முறையை வளர்த்தார். 2018-19 கணக்கெடுப்பில் நாடு முழுக்க 26,838 இடங்களில் கேமரா வைத்தார்கள். விழுந்த படங்கள் 3,48,58,623. அவற்றில் புலி இருந்தவை 76,651. ஆயிரம் படத்துக்கு இரண்டு! அந்தப் படங்களிலிருந்து 2,461 தனித்தனிப் புலிகளைப் பிரித்தறிந்தார்கள். தேதியும் இடமும் குறிக்காமல் விட்டிருந்தால் அத்தனையும் வெறும் அழகுப் படங்களாகப் போயிருக்கும்.

கோப்பு எண்ணும் தேதியும் இல்லாத காகிதத்தை எங்கள் அலுவலகத்தில் யாரும் தொடமாட்டார்கள். நம் முன்னோர்களும் இதில் கண்டிப்பானவர்கள். தருமபுரி மாவட்டத்து நடுகற்களைப் பாருங்கள். புலியோடு பொருது மாண்ட வீரனைச் செதுக்கினார்கள் என்றால், எந்த மன்னனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்த ஊர், யார் மகன் என்று பல கற்களில் எழுத்தும் பொறித்திருக்கிறார்கள். உருவமும் குறிப்பும் சேர்ந்திருப்பதால்தான் ஆயிரம் ஆண்டு கழித்தும் நாம் அதைப் படிக்கிறோம்.

ஆகவே தம்பிகளுக்கு நான் சொல்வது இதுதான். கையில் இருக்கும் கேமராவே போதும். மலைக்கு விடியலில் போங்கள். அப்போது வெளிச்சம் சாய்வாக விழும், கூட்டமும் இருக்காது. ஒரே இடத்தில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். குருவியின் கண் உயரத்துக்குக் குனிந்து எடுங்கள். ஒரு மாதத்துக்கு ஒரே ஒரு பறவையை எடுத்துக்கொண்டு, அது எங்கே உட்காரும், எதைப் பிடிக்கும், எப்போது கூவும் என்று பாருங்கள். கரிச்சான் ஒரு பூச்சியைப் பிடித்தபின் பெரும்பாலும் அதே கம்பிக்குத் திரும்பி வரும். இது தெரிந்தவன் கம்பியை நோக்கிக் கேமராவைத் தயாராக வைத்திருப்பான்.

செய்யக் கூடாததும் உண்டு. படத்துக்காகக் குரங்குக்கு பிஸ்கட் நீட்டாதீர்கள். இன்று கையில் வாங்குவது நாளை ஒரு பாட்டியின் பூஜைக் கூடையைப் பறிக்கும். பிறகு தொல்லைக் குரங்கு என்று பெயர் வாங்கி, கூண்டில் ஏறி எங்கோ போகும். குஞ்சு தெரியவில்லை என்று கூட்டை மறைக்கும் இலையை விலக்காதீர்கள். அந்த இலைதான் அதற்குக் கூரை. காக்கையின் கண்ணிலிருந்து மறைப்பதும் அதுதான். செல்போனில் பறவைக் குரலைப் போட்டு அழைக்காதீர்கள். எதிரி வந்துவிட்டான் என்று நினைத்து, அது இரை தேடும் நேரத்தை விட்டுச் சண்டைக்கு வரும். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் போகாதீர்கள்.

நம் மாவட்டத்திலும் பக்கத்துக் கிருஷ்ணகிரியிலும் 2014-இல் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயமும், 2022-இல் காவிரி தெற்குச் சரணாலயமும் அறிவிக்கப்பட்டன. அவற்றைத் தேடிப் பெரிய கேமராக்காரர்கள் வருவார்கள். தீர்த்தமலையின் கரிச்சானுக்கும் தவிட்டுக்குருவிக்கும் யாரும் வரப்போவதில்லை. அவற்றுக்கு நீங்கள்தான். இருபது ரூபாய்க்கு ஒரு நோட்டு வாங்கி, ஒவ்வொரு படத்துக்கும் தேதி, நேரம், இடம், பறவை என்ன செய்துகொண்டிருந்தது என்று நாலு வரி எழுதுங்கள். பேர் தெரியாவிட்டால் நிறத்தையும் அளவையும் எழுதுங்கள், பேரை அப்புறம் கண்டுபிடித்துக்கொள்ளலாம். நோட்டு நிரம்பினால் என்னிடம் கொண்டுவாருங்கள். வரிசை எண் போட்டு, பொருளடக்கம் எழுதி, பைண்டு பண்ணித் தருவது என் பொறுப்பு. அந்த வேலை எனக்கு இன்னும் மறக்கவில்லை.