தறுவாய்
"த்ரீ பேஸ் வந்துருச்சாண்ணே?" கம்பத்துத் திராட்சைத் தோட்டங்களில் இதைக் கேட்டே வளர்ந்தவன் நான். மின்சாரத்தின் அந்த 'பேஸ்' (phase) செய்தித்தாளில் முனை, பாடநூலில் கட்டம். அதன் கிரேக்க மூலத்துக்குத் 'தோற்றம்' என்று பொருள். நிலவின் பிறை மாற்றங்களைச் சுட்டிய சொல் பிறகு அலைக்கும் வந்தது. மின்புலத்தால் திரவப் படிக மூலக்கூறுகளைத் திருப்பி, ஒளியலையைச் சற்றே தாமதிக்க வைக்கும் கருவிகள் மாற்றுவதும் அலையின் இந்த 'பேஸை'த்தான். கட்டம் என்றால் எனக்கு ஜாதகமும் தாயமும்தான் கண்ணில் நிற்கின்றன. அதற்குப் பதிலாகத் 'தறுவாய்' இருக்கிறதே! உற்ற சமயம் என்று பொருள். சாகும் தறுவாய் என்றே சொல்லிச் சொல்லி அதை மரணத்தோடு ஒட்டிவிட்டோம். பூக்கும் தறுவாய், மடை திறக்கும் தறுவாய் என்றும் சொல்லலாம். அலை தன் சுற்றில் எந்த இடத்தில் நிற்கிறது என்பதையும் அப்படியே, ஒளியின் தறுவாய் என்று.