இடர்க்காலத்தில் எழுந்த இஸ்லாமியத் தமிழ்

1974ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 14ஆம் நாள் புதுக்கோட்டை மாவட்டம் தோன்றியது. தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட பழைய சமஸ்தானப் பகுதியோடு, தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்த அறந்தாங்கிப் பகுதியும் இதனுடன் இணைந்தது. கடலறியாத நாடாக இருந்த புதுக்கோட்டைக்கு அன்றுதான் கடற்கரை வாய்த்தது. கட்டுமாவடி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், செகதாப்பட்டினம், மீமிசல் என நீளும் அக்கரை, வடக்கே அதிராம்பட்டினத்தையும் தெற்கே தொண்டி, கீழக்கரை, காயல்பட்டினம் ஆகிய ஊர்களையும் இணைக்கும் நெடுங்கரையின் ஒரு பகுதியாகும்.

இம்மாவட்டத்து முஸ்லிம்களிடையே கடற்கரையின் மரைக்காயரும் உள்நாட்டின் இராவுத்தரும் உளர். பொதுவாக மரைக்காயர் ஷாஃபியீ நெறியையும் இராவுத்தர் ஹனஃபீ நெறியையும் பின்பற்றுவோர். தொழிலும் வேறு, வழக்காறும் வேறு. ஆயினும் திருமயத்தை அடுத்த காட்டுபாவா பள்ளிவாசலிலும், கோட்டைப்பட்டினத்து இராவுத்தர் அப்பா தர்காவிலும் இவ்விரு பிரிவினரும் ஒன்று கூடுகின்றனர். இந்துக்களும் உடன் வருகின்றனர். பிரிந்து நிற்பதற்குக் காரணங்கள் பல இருந்தும் இணைந்து நிற்கும் இப்பண்பு எங்ஙனம் விளைந்தது என்பது ஆராயத்தக்கது. அதன் வேர் 16, 17ஆம் நூற்றாண்டுகளில், இக்கரை கண்ட கொடிய இடர்க்காலத்தில் உள்ளது.

கடல் பறிபோன காலம்

அரபு நாட்டாரோடு தமிழகத்துக்கு இருந்த வாணிக உறவு மிகத் தொன்மையானது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் தமிழகம் வந்த மார்க்கோ போலோ, காயல் துறைமுகத்தின் செழிப்பையும் அங்கு வந்திறங்கிய குதிரைகளையும் வியந்து எழுதினார். முத்து, துணி, மிளகு, குதிரை ஆகியவற்றின் வாணிகத்தில் முஸ்லிம்கள் பெரும்பங்கு கொண்டிருந்தனர். கடல் எவர்க்கும் பொதுவாக இருந்தது.

1498ஆம் ஆண்டு வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டை அடைந்ததும் இந்நிலை மாறியது. போர்த்துக்கேயர் கடலைத் தமக்கே உரியதாக்கினர். அவர்தம் அனுமதிச் சீட்டின்றிச் சென்ற மரக்கலங்கள் பறிக்கப்பட்டன, சில எரிக்கப்பட்டன. முத்துக்குளித்துறையில் பரதவருக்கும் முஸ்லிம் வணிகருக்கும் இடையே மூண்ட பகையில் பரதவர் போர்த்துக்கேயரின் பாதுகாப்பை நாடினர். 1536ஐ ஒட்டிய ஆண்டுகளில் கத்தோலிக்கச் சமயத்தைத் தழுவினர். 1538ஆம் ஆண்டு மண்டபத்தை அடுத்த வேதாளையில் நிகழ்ந்த போரில் மரக்காயர்களின் கப்பற்படை போர்த்துக்கேயரிடம் தோற்றது. முத்துவளம் கைநழுவியது.

துன்பம் தமிழகத்தோடு நிற்கவில்லை. இலங்கையில் போர்த்துக்கேயர் 1626இல் தம் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினர். கண்டி மன்னன் செனரத் அவர்களுக்குப் புகலிடம் அளித்து, ஏறத்தாழ 4,000 பேரைக் கீழைக்கரையில் மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினான். 1658இல் தூத்துக்குடியும் நாகப்பட்டினமும் ஒல்லாந்தர் கைக்கு மாறின. ஆள்வோர் மாறினர், கடல் மட்டும் மீளவில்லை.

தம்மை நோக்கிய வினா

இத்தகைய வீழ்ச்சியில் ஒரு சமுதாயம் முதலில் பகைவனையே பழிக்கும். அதனினும் கடினமானது, தன்னையே வினவிக்கொள்வது. அவ்வினாவை எழுப்பியவர் பொன்னானியைச் சேர்ந்த ஷைகு ஸைனுத்தீன் மக்தூம். சோழமண்டலக் கரையிலிருந்து கொச்சி வழியாகப் பொன்னானி சென்றது இவர்தம் அறிஞர் குடும்பம். 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் இவர் அரபு மொழியில் இயற்றிய 'துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்' போர்த்துக்கேயரின் கொடுமைகளை விரித்துரைக்கிறது. அவர்களை எதிர்த்துப் போரிடவும் அழைக்கிறது. அதே நூல் மற்றொன்றையும் மறைக்காமல் கூறுகிறது. இறைவன் அளித்த வளத்துக்கு நன்றி மறந்தமையும், நெறி பிறழ்ந்தமையும், தமக்குள் பிளவுபட்டமையுமே இத்துன்பம் வரக் காரணம் என்பது அவர் கருத்து.

இக்கருத்தினின்று இரு வழிகள் பிரிந்தன. ஒன்று படைவழி. சாமூதிரியின் கடற்படைத் தலைவர்களாகிய குஞ்ஞாலி மரக்காயர்கள் அவ்வழியில் நெடுங்காலம் வீரத்துடன் பொருதனர். ஆயின், நான்காம் குஞ்ஞாலி 1600இல் கோவாவில் கொல்லப்பட்டதோடு அவ்வழி முடிவுற்றது. மற்றொன்று, பிளவையும் மறதியையும் களைவது. கல்வி, பாட்டு, அறம் ஆகியவற்றால் சமுதாயத்தை உள்ளிருந்து கட்டும் வழி அது. தமிழகத்து முஸ்லிம்களுக்கு நிலைத்த பயன் தந்தது இவ்வழியே.

தமிழ் வழியே சமய விளக்கம்

இன்று கிடைக்கும் இஸ்லாமியத் தமிழ் நூல்களுள் முழுமையாக அமைந்த மிகப் பழையது 'ஆயிர மசலா'. வண்ணப்பரிமளப் புலவர் இயற்றிய இந்நூல் மதுரையில் அரங்கேறிய ஆண்டு 1572. வேதாளைப் போர் முடிந்து 34 ஆண்டுகளே கழிந்திருந்தன. அப்துல்லா இப்னு ஸலாம் என்பார் நபிகள் நாயகத்தை வினவ, நாயகம் விடை கூறுவதாக அமைந்தது இந்நூல். ஐயமும் தெளிவுமாக விரியும் வினாவிடை வடிவம், கலங்கிய காலத்து மக்களுக்குப் பொருந்திய வடிவமே ஆகும்.

1590இல் ஆலிப் புலவரின் 'மிஃராஜ் மாலை' தோன்றியது. நபிகள் நாயகத்தின் விண்ணேற்றத்தைப் பாடும் அந்நூல், கோட்டாற்றில் செட்டியார் ஒருவரின் ஆதரவில் அரங்கேறியதாக வழக்கு உண்டு. இதே காலப்பகுதியில் நாகூரில் ஷாகுல் ஹமீது ஆண்டகை வாழ்ந்து மறைந்தார். தஞ்சை நாயக்க மன்னரின் நோயை அவர் நீக்கியதாக மரபுரை கூறும். பின்னாளில் மராட்டிய மன்னர் பிரதாபசிங் அத்தர்காவின் 131 அடி உயரமுள்ள பெரிய மனாராவைக் கட்டுவித்தார்.

இச்செய்திகளை ஒருசேர நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். ஒடுக்கப்பட்ட சமுதாயம் தன்னைச் சுற்றி மதில் எழுப்பிக்கொள்வது இயல்பு. தமிழக முஸ்லிம்களோ அண்டை வீட்டாரின் மொழியையே தம் சமயத்தின் மொழியாகவும் கொண்டனர். கேட்போருள் பிற சமயத்தாரும் இருந்தனர், புரந்தோருள்ளும் இருந்தனர். உள்ளொற்றுமை வளர்ந்த அதே வேளையில் புறத்தொற்றுமையும் வளர்ந்தது.

அரபு அறியாத எளியோருக்காக அரபுத்தமிழ் வளர்ந்தது. தமிழ் ஒலிகளுக்கென அரபு எழுத்துகளில் சில குறிகளைச் சேர்த்து, தமிழை அரபு வரிவடிவில் எழுதும் முறை இது. மறை ஓதக் கற்ற சிறுவரும் பெண்டிரும் அதே எழுத்தறிவைக் கொண்டு தமிழில் சமய நூல்களைப் படிக்க இது வழிசெய்தது.

கல்வியால் கட்டிய ஒற்றுமை

17ஆம் நூற்றாண்டில் இம்மறுமலர்ச்சியின் நடுவே நின்றவர் சதக்கத்துல்லா அப்பா (1632–1703). காயல்பட்டினத்தில் பிறந்த இவர் அதிராம்பட்டினம் சென்று மக்தூம் சின்ன நயினார் லெப்பை ஆலிமிடம் பயின்றார். கீழக்கரையைத் தம் வாழ்விடமாகக் கொண்டார். பிறந்த ஊர், பயின்ற ஊர், வாழ்ந்த ஊர் ஆகிய மூன்றையும் இணைத்து நோக்கினால், இன்றைய புதுக்கோட்டை மாவட்டத்துக் கடற்கரை அவ்வழியின் நடுவே அமைந்திருப்பதைக் காணலாம். வணிகர் கடல்வழிகளை இழந்த காலத்தில் மாணாக்கர் கரைவழிகளில் நடந்தனர். ஊரையும் ஊரையும் இணைத்தவர் ஆசிரியரும் மாணாக்கருமே.

பக்தாதுக் கவிஞர் ஒருவர் அரபியில் பாடிய 'வித்ரிய்யா' என்னும் நபிபுகழ் நூலுக்குச் சதக்கத்துல்லா அப்பா 'தக்மீஸ்' இயற்றினார். மூலக் கவிஞரின் ஈரடிக்கு முன்னர்த் தம்முடைய மூன்றடிகளைச் சேர்த்து ஐந்தடியாக்கும் யாப்புமுறை அது. பழைய அடி சிதையாமல் புதிய குரல் அதனோடு இணையும். அந்நூல் தமிழகத்துப் பள்ளிவாசல்களிலும் இலங்கையிலும் ஓதப்பட்டு வந்துள்ளது. மரபைக் கைவிடாமலே அதில் புதிய உயிரை ஊட்டுவதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

இவர்தம் இளவல் சாம் ஷிஹாபுத்தீன் தமிழில் மாலைகள் பாடினார். 'ரசூல் மாலை', 'அதபு மாலை' முதலியன எளிய நடையின. வீட்டிலிருந்தே ஒழுக்கமும் சமயமும் கற்கத் துணைசெய்தவை. தமையனின் அரபுப் புலமை கற்றோரை இணைத்தது. தம்பியின் தமிழ்ப்பாட்டு மற்றோரை இணைத்தது.

சமய நெறிக்கும் மெய்ஞ்ஞானத்துக்கும் இடையிலான பிணக்கும் அந்நாளில் இருந்தது. தக்கலையில் வாழ்ந்த பீர்முகம்மது அப்பா தறி நெய்து பிழைத்த ஞானி. 'ஞானப்புகழ்ச்சி' முதலிய நூல்களின் ஆசிரியர். அவர் பாடல்களின் மீது ஐயம் கொண்டு சதக்கத்துல்லா அப்பா தக்கலைக்குச் சென்றார் என்றும், நேரில் கண்டபின் ஐயம் நீங்கி அவரை மதித்தார் என்றும் வாய்மொழி மரபு கூறுகிறது. நிகழ்ச்சி எவ்வாறாயினும், மக்கள் அதனைப் போற்றிச் சொல்லி வந்தமையே பொருளுடையது. சட்ட அறிஞரும் நெசவாளர் ஞானியும் ஒருவரையொருவர் விலக்கவில்லை என்று நம்பவே இச்சமுதாயம் விரும்பியது.

சீறாப்புராணம்

இம்முயற்சிகளின் முடியாக அமைந்தது உமறுப்புலவரின் சீறாப்புராணம். எட்டயபுர அவைப்புலவர் கடிகைமுத்துப் புலவரின் மாணாக்கர் உமறு. அவரைக் காப்பியம் பாடத் தூண்டிய வள்ளல் சீதக்காதி, கீழக்கரைப் பெருவணிகர். சேதுபதி மன்னரின் நம்பிக்கைக்கு உரியவர். கிழவன் சேதுபதி 1674 முதல் 1710 வரை ஆண்டார். அவர் சார்பில் புதுக்கோட்டையில் தொண்டைமான் ஆட்சி தொடங்கியதும் 1686ஐ ஒட்டியே ஆகும்.

நாயகத்தின் வரலாற்றுச் செய்திகளை வேண்டிச் சென்ற உமறுவுக்குச் சதக்கத்துல்லா அப்பா முதலில் இசையவில்லை என்றும், பின்னர் இசைந்து பரங்கிப்பேட்டையில் இருந்த தம் மாணாக்கர் மாமூனா லெப்பையிடம் அனுப்பினார் என்றும் கூறுவர். காப்பியம் நிறைவுறுமுன் சீதக்காதி மறைந்தார். பரங்கிப்பேட்டை அபுல்காசீம் மரைக்காயர் அப்பொறுப்பை ஏற்றார். எட்டயபுரத்தில் தமிழும், கீழக்கரையில் பொருளும் மறையறிவும், பரங்கிப்பேட்டையில் செய்தியும் ஆதரவும் கிடைத்தன. ஒரு நூலுக்காகத் தமிழகத்தின் நெடுங்கரை முழுவதும் கைகோத்தது எனின் மிகையாகாது.

ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களை உடைய சீறா, விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்ரத்து என்னும் மூன்று காண்டங்களைக் கொண்டது. நபிகளின் முழு வாழ்வையும் பாடுமுன் நின்ற அதனைத் தொடர்ந்து, காயல்பட்டினத்துப் பனீ அகமது மரைக்காயர் 'சின்னச் சீறா' பாடினார். உமறுவின் அரபு நாட்டில் தமிழ் மருதத்தின் வயலும் வாய்க்காலும் உள்ளன. புவியியல் நோக்கில் இது பொருந்தாது. ஆயின் உளவியல் நோக்கில் பொருள் மிக்கது. தம் நபி தம் மண்ணின் மழையிலும் வயலிலும் வைத்துப் பாடப்படுவதைக் கேட்ட மக்கள், தாம் இம்மண்ணுக்கு அயலார் அல்லர் என்பதையும் உடன் உணர்ந்தனர். மரைக்காயரும் இராவுத்தரும் நெறிவேறுபாடு கருதாது போற்றிய பொதுநூலாக அது நிலைத்தது.

விளைவும் கடமையும்

இம்மறுமலர்ச்சி முத்துக்குளித்துறையை மீட்டுத் தரவில்லை. செல்வரும் எளியரும் என்ற வேற்றுமையை அது நீக்கவில்லை. மரைக்காயர், இராவுத்தர், லெப்பை என்னும் பிரிவுகளும் மறையவில்லை. பிரிவுகள் இருக்கவே அவற்றுக்கு மேலான பொதுவுடைமை ஒன்றை அது படைத்தது. பின்னர் ஆங்கிலேயர் ஆட்சியிலும் அவ்வழி தொடர்ந்தது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அரபுத்தமிழில் நூல்கள் எழுதிக் கல்வி பரப்பினார். ஏட்டில் இருந்த சீறாப்புராணத்தை 1842இல் சேகனாப் புலவர் அச்சேற்றினார். அந்த ஒருவர் முயலாதிருந்தால் அக்காப்பியத்தின் கதி என்னவாகியிருக்கும் என எண்ணிப் பார்த்தல் தகும்.

இன்று அரபுத்தமிழைப் படிக்க வல்லோர் அருகி வருகின்றனர். மாலைகளை மனப்பாடமாகப் பாடிய முதிய பெண்டிரோடு அவற்றின் இசையும் மறைகிறது. பழைய வீடுகள் இடிபடும்போது பரணில் கிடந்த கையெழுத்துச் சுவடிகளும் உடன் அழிகின்றன. புயலுக்கும் போருக்கும் தப்பியவை கவனக்குறைவுக்குத் தப்பாமற் போவது பெருந்துயரம். மீண்டும் ஓர் இடர்க்காலம் வருமாயின், இணைந்து நிற்பதற்கு முன்னோர் கண்ட வழியே கைக்கு எட்டாமற் போகும்.

இலக்கிய வட்டங்கள் இங்கு ஆற்ற வேண்டிய பணி பெரிது. ஊருக்கு ஒருவரேனும் முதியோர் பாடும் மாலைகளைப் பதிவு செய்யலாம். சுவடி உள்ள இல்லங்களை நாடிப் படியெடுக்கலாம். கவியரங்குகளில் சீறாவின் படலம் ஒன்றேனும் ஆண்டுதோறும் பாடப்பெறலாம். இவற்றைச் செய்ய இஸ்லாமியராக இருத்தல் வேண்டுவதில்லை. தமிழராக இருத்தல் போதும். ஆலிப் புலவரை ஆதரித்தாரென மரபு போற்றும் கோட்டாற்றுச் செட்டியாரும், உமறுவுக்குத் தமிழ் கற்பித்த கடிகைமுத்துப் புலவரும் அதனைத்தான் செய்தனர். கடலை இழந்த மக்கள் தமிழை இழக்கவில்லை. அத்தமிழ் அவர்களை ஒன்றாக்கியது, பிறரோடும் ஒன்றாக்கியது.