மஞ்சள் கருவிலிருந்து மைலோ வரை

ஒரு கிருமியைச் செயலிழக்கச் செய்து கோழிக்கு ஊசி போட்டால், சில வாரங்களில் அதை எதிர்க்கும் புரதம் கோழியின் இரத்தத்தில் ஊறிவிடும். பிறக்கப்போகும் குஞ்சுக்கென்று கோழி அதை மஞ்சள் கருவிலும் சேர்த்துவைக்கிறது, இவ்வகைப் புரதம் எல்லாம் சேர்த்து முட்டைக்குச் சுமார் 100 மில்லிகிராம். 1893இல் ஜெர்மானிய மருத்துவர் பெலிக்ஸ் கிளெம்பெரர் டெட்டனஸ் நஞ்சைக் கொண்டு இதைக் காட்டினார். இந்தப் புரதத்துக்கு ஐஜிஒய் என்ற பெயர் 1969இல்தான் வந்தது.

ஈப்போவைச் சுற்றிய பால்மரத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு முட்டை மருந்தாவது புதிதல்ல. லயத்துக்குப் பின்னால் மேய்ந்த கோழியின் பச்சை முட்டையை நல்லெண்ணெயோடு, வயதுக்கு வந்த பெண்ணுக்குப் பாட்டிமார் கொடுத்தார்கள். அந்த முட்டையிலும் இந்தப் புரதம் இருந்தது. ஆனால் அந்தக் கோழி சந்தித்த கிருமிகளுக்கு மட்டுமே எதிரானது. தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறியபோது குடும்பங்கள் புந்தோங்குக்கும் சுங்கை சிப்புட்டுக்கும் பெயர்ந்தன. முட்டை மேலிருந்த நம்பிக்கையும் கூடவே வந்தது. ஊசி போட்ட கோழியின் முட்டையிலிருந்து செய்ததாகச் சொல்லி நேரடி விற்பனையில் வரும் முட்டை மாவு டின்னுக்கு இங்கே கதவு எளிதாகத் திறப்பது அதனால்தான்.

டின்னில் 'குடலுக்கும் எதிர்ப்புச் சக்திக்கும்' என்று எழுதியிருந்தால் போதாது. எந்தக் கிருமிக்கு ஊசி போட்ட கோழி என்று கேட்க வேண்டும். டாக்காவில் ரோட்டாவைரஸ் வயிற்றுப்போக்கு கண்ட 79 குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு, அந்த வைரஸுக்கென்றே தயாரித்த மஞ்சள் கருப் புரதத்தைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2001இல் வெளியானது. முதல் நாள் போக்கு கொஞ்சம் குறைந்தது. நோய் நீடித்த நாட்கள் குறையவில்லை. குறிவைத்துச் செய்த மருந்துக்கே பலன் இவ்வளவுதான் என்றால், எல்லா நோய்க்கும் ஒரே கரண்டி மாவு என்ற பேச்சை நான் ஏற்க மாட்டேன்.

குடிக்கும் விதத்திலும் சிக்கல் உண்டு. கொதிக்கும் மைலோவில் கலக்கினால், 70 டிகிரியைத் தாண்டும் சூட்டில் புரதம் உருக்குலைந்துவிடும். தப்பியதிலும் ஒரு பங்கை வயிற்று அமிலம் சிதைக்கும். முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள் தொடவே கூடாது.

என் கவலையெல்லாம், இந்த மாவை நம்பிச் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிடும் அத்தைகளையும் மாமாக்களையும் பற்றித்தான். மலேசியாவில் பதிவான ஊட்டச்சத்து மருந்துப் பொருளுக்கு 'எம்ஏஎல்' என்று தொடங்கி, இலக்கங்களுக்குப் பின் 'என்' எழுத்து வரும் எண் இருக்கும். அந்த எண் இருந்தாலும் நோயைத் தீர்க்கும் என்று சொல்லி விற்க யாருக்கும் உரிமையில்லை.