சேமலாப நிதியும் மலையகப் பிள்ளைகளின் உயர்கல்வியும்

வலப்பனைப் பிரதேசத்தின் இராகலை, உடப்புசல்லாவை போன்ற தோட்டப் பகுதிகளில், பல்கலைக்கழக அனுமதிக் கடிதம் லயத்து வீட்டை அடையும்போது மகிழ்ச்சியுடன் கவலையும் சேர்ந்தே வருகின்றது. இலவசக் கல்வியில் பாடக் கட்டணம் இல்லையாயினும், உணவு, தங்குமிடம், பயணம், நூல்கள் ஆகியவற்றுக்கான பணத்தை எங்கிருந்து பெறுவது என்பதே அக்கவலையாகும்.

தோட்டத் தொழிலாளரின் பிரதான சேமிப்பு ஊழியர் சேமலாப நிதியேயாகும். 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தொழிலாளி 8 வீதமும் தொழில் வழங்குநர் 12 வீதமும் இதற்குச் செலுத்துகின்றனர். 2024 இல் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபா அடிப்படை நாட்சம்பளத்தில் இது 270 ரூபாவாக இருந்தது. எனினும் பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலுமே இந்நிதியைப் பெறலாம். இருபத்தைந்து வயதில் தாயான ஒருவரின் பிள்ளை பல்கலைக்கழகம் புகும்போது அவருக்கு ஐம்பது நிரம்பியிராது. 2012 ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் நிபந்தனைகளுடன் 30 வீதத்தை முன்கூட்டியே பெற இடமளித்தது. ஆனால் அது வீடமைப்புக்கும் மருத்துவச் சிகிச்சைக்குமே உரியது, கல்விக்கன்று.

ஆகவே, கிடைக்கும் உதவிகளை ஒழுங்குபடுத்திப் பயன்படுத்துவது அவசியமாகும். திருப்பிச் செலுத்த வேண்டாத மகாபொல புலமைப்பரிசிலே முதலாவதாக நாடப்பட வேண்டும். 2025 வரவு செலவுத் திட்டத்தில் இது மாதாந்தம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்த்தப்பட்டது. மகாபொல கிடைக்காதோருக்கு உதவுதொகை உண்டு; 2025 இல் அது 6,500 ரூபாவாக இருந்தது. இரண்டையும் ஒருவரே பெற முடியாது. முதற் கொடுப்பனவு தாமதிப்பது வழமையாதலால், ஆரம்ப மாதங்களின் செலவுக்குப் பிள்ளையின் பெயரிலான வங்கிச் சேமிப்பு கைகொடுக்கும். பதினெட்டு வயதில் பெறக்கூடிய அச்சேமிப்பை வேறு தேவைகளுக்குக் கரைத்துவிடலாகாது. பெற்றோரின் முதுமைக்குரிய சேமலாப நிதி இறுதிப் புகலாகவே இருத்தல் வேண்டும்.

வரிச் சலுகையால் இக்குடும்பங்களுக்கு நன்மை குறைவு. 2020 முதல் 2022 இறுதி வரை கல்விச் செலவுக்கு வருமான வரிக் கழிவு இருந்தது. வரி வரம்பை எட்டாதோருக்கு அதனாற் பயனில்லை. ஆயினும் ஒன்றைக் கவனத்திற் கொள்ள வேண்டும். ஓய்வின்போது பெறும் தொகையை நிலையான வைப்பிலிட்டால், 2025 ஏப்ரல் முதல் வட்டியில் 10 வீதம் வரியாகப் பிடிக்கப்படுகின்றது. ஆண்டு வருமானம் 18 இலட்சம் ரூபாவுக்கு மேற்படாதோர் வங்கியிற் சுயபிரகடனம் சமர்ப்பித்து அதனைத் தவிர்க்கலாம்.

இந்தியாவிலும் மலேசியாவிலும் சேமலாப நிதியில் ஒரு பகுதியை உயர்கல்விக்குப் பெற இடமுண்டு. வீட்டுக்கும் மருந்துக்கும் திறக்கும் கதவு கல்விக்கு மாத்திரம் மூடியிருப்பது நியாயமாகாது. அரசாங்கமும் மலையகப் பிரதிநிதிகளும் இத்திருத்தத்தைத் தாமதமின்றி முன்னெடுக்க வேண்டும்.