மலையின் மூன்றாவது தொகுதி

2001 பிப்ரவரியில் மஞ்சூரைச் சுற்றியுள்ள எஸ்டேட் லைன்களுக்கு மக்கள்தொகைக் கணக்கெடுக்கப் போனேன். ஆசிரியர்களுக்கு அந்த வேலை வந்துசேரும். பத்தாண்டு கழித்து அதே லைன்களுக்குப் போனபோது பல கதவுகளில் பூட்டு தொங்கியது. பச்சைத்தேயிலை விலை விழுந்ததும் பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் இறங்கிவிட்டார்கள். நீலகிரி மாவட்டக் கணக்கும் அதையே சொன்னது. 2001இல் 7,62,141 பேர். 2011இல் 7,35,394 பேர்.

தலை குறைந்தால் தொகுதிக் கோடும் மாறக்கூடும். மஞ்சூர் இருக்கும் குந்தாவுக்கு எல்லை மாறுவது புதிதல்ல. படகர்கள் நாக்குபெட்டா என்னும் இந்த மலையின் நான்கு சீமைகளில் ஒன்று இது. வெள்ளைக்காரர் காலத்தில் மலபாரோடு இருந்து, 1860இல் கோயம்புத்தூரோடு சேர்ந்து, 1868இல் நீலகிரி தனி மாவட்டமானபோது அதற்குள் வந்தது. ஊர்க்காரரைக் கேட்டுக் கோடு போடும் வழக்கம் அன்று கிடையாது.

இப்போதுள்ள தொகுதிக் கோடு, நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான ஆணையம் 2001 கணக்கை வைத்துப் போட்டது. 2008இல் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டு மக்கள்தொகையை 234 சட்டமன்றத் தொகுதிகளால் வகுத்தால் தொகுதிக்குச் சுமார் 2,67,000 பேர். அந்தக் கணக்கில் நீலகிரிக்கு 2.86 வந்தது. ஆகவே ஊட்டி, குன்னூர், கூடலூர் மூன்றும் நிலைத்தன. குந்தா ஊட்டியோடு இருக்கிறது. குன்னூரிலிருந்த தனித்தொகுதி கூடலூருக்குப் போனது. மக்களவைக்கு மேட்டுப்பாளையம், அவிநாசி, பவானிசாகர் என்று சமவெளித் தொகுதிகள் மூன்று நம்மோடு இருக்கின்றன.

2011 கணக்கை அதேபோல் வகுத்துப் பார்த்தேன். 2.39தான் வருகிறது. மாநிலத்தில் ஆள் பெருகியதும் இங்கே அந்தக் கதவுகள் பூட்டியதும் சேர்ந்துதான் இந்தக் குறைவு. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் மூன்றாவது தொகுதி சமவெளிக்கு இறங்கிவிடும். அது நியாயமில்லை. கெத்தையிலிருந்து மஞ்சூருக்கு ஏறும் கொண்டை ஊசி வளைவுகளில் ஒருமுறை வந்தவருக்கு அது விளங்கும். 2002ஆம் ஆண்டுத் தொகுதி மறுவரையறைச் சட்டமும் தலையெண்ணிக்கையோடு நிற்கவில்லை. நில அமைப்பு, நிர்வாக எல்லை, போக்குவரத்து, மக்கள் வசதி இவற்றையும் பார்க்கச் சொல்கிறது.

எனக்கு இதில் தனி வலி உண்டு. என் அப்பா 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்தவர். அங்கே 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் 7 பேர் நாடாளுமன்றம் போனார்கள். 1948 குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரின் வாக்கைப் பறிக்க வழிசெய்தது. ஆனாலும் தொகுதி பிரிக்கும்போது அவர்கள் தலையையும் சேர்த்தே எண்ணினார்கள். அதனால் மலையகத் தொகுதிகளில் மற்றவர் வாக்குக்கு எடை கூடியது. எண்ணும் முறையிலேயே அநீதி புகும் என்பதை அப்பா வாழ்ந்து அறிந்தார்.

தொகுதிக் கோட்டின் வரைவை வெளியிட்டு, ஆட்சேபங்களைப் பெற்று, பொது அமர்வில் மக்கள் கருத்தைக் கேட்க வேண்டும் என்று அதே 2002 சட்டம் வைத்திருந்தது. மறுபடியும் அப்படி ஓர் அமர்வு கூடும் நாளில் எடக்காட்டுக்காரரும் கிண்ணக்கொரைக்காரரும் முள்ளிகூர்க்காரரும் மனுவோடு போங்கள். மூன்றாவது தொகுதியை மலையிலேயே வையுங்கள் என்று கேளுங்கள்.